நான் பிடுங்கி எறிந்த மரக்கட்டை

போன வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். ஆவடியில் ஒரு சர்ச். மதியம் மூன்று மணி, வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாடகர் குழு ஒத்திகை நடந்துகொண்டிருந்த ஹாலில், ஒரு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் மல்டிமீட்டரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். சர்ச்சுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆனால் அம்மன் கோயிலுக்குப் போகிற ஆள் நான். அங்கே எனக்கென்ன வேலை என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது என் பிழைப்பு. லென்ஸ் விளக்குக்குக் கீழே வைத்து, சால்டரிங் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பேன். தப்பு இருந்தால் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். பதினெட்டு வருஷம் இதையே செய்தால் என்ன ஆகும்? கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தலில் எந்த பல்பு எரியவில்லை என்றுதான் என் கண் முதலில் பார்க்கும்.

சில வருஷம் முன்னால் மிக்சி ஜார் தேடி, குமணன்சாவடியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். அங்கே மூலையில் ஒரு பேஸ் கிட்டார் கிடந்தது. நாலே கம்பி, தடித் தடியாக. பின்பக்க மூடி இல்லாததால் உள்ளே எட்டிப் பார்த்தேன். திருகுகிற குமிழ் இரண்டு, ஒரு கெப்பாசிட்டர், கொஞ்சம் வயர். அட, இவ்வளவுதானா! அதையும் பற்றவைத்திருந்த லட்சணத்தைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. மிக்சி ஜாரை மறந்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பிடித்த பைத்தியம்தான். விலை குறைந்த பேஸ் கிட்டார்களாகத் தேடிப் பிடித்து, முகப்பேர் ஃபிளாட்டின் பால்கனியில் வைத்துப் பிரிப்பேன். வயரிங்கை மொத்தமாக மாற்றுவேன். இரைச்சல் வராமல் இருக்க உள்ளே செப்புத் தகடு ஒட்டுவேன். தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பேன். ஆனால் எனக்கு ஒரு ஸ்வரம் கூட வாசிக்கத் தெரியாது. "தண்ணியில எறங்கத் தெரியாதவ படகு ரிப்பேர் பண்ற மாரி கீதும்மே," என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். நான் செய்த கிட்டார்களின் படத்தை இணையத்தில் போட்டால், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். எனக்குத் தலை கால் புரியாது.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்தார். முத்தாபுதுப்பேட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பேஸ் வாசிப்பவர். போர்வையில் சுற்றி டூவீலரில் கொண்டுவந்திருந்தார் கிட்டாரை. பிளைவுட்டில் செய்த, இருப்பதிலேயே மலிவான ரகம். அது கூடப் பரவாயில்லை. கிட்டாரின் உடம்பு வாசிக்கிறவர் மார்புப் பக்கம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் மேல் சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு மரக்கட்டையை ஒட்டி, கோணல்மாணலாக இரண்டு ஸ்குரூ வேறு முடுக்கியிருந்தது. கட்டை முழுக்க வேர்வைக் கறை. எந்தப் புண்ணியவானின் கைவேலையோ என்று நினைத்துக்கொண்டேன்.

"கர்ருன்னு ஒரு சவுண்டு வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க சிஸ்டர். அத்த மட்டும் எடுத்துடுங்க," என்றார்.

அப்போது நான் வேறொரு கிட்டாரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தூசிக்காக முகத்தில் மாஸ்க். அதைக் கழற்றாமலே, "அண்ணா, இந்தக் கட்டையையும் எடுத்துட்டு பெயிண்ட் அடிச்சிடறேன். புதுசு மாதிரி ஆயிடும்," என்றேன். அவர் சிரித்தபடி தலையாட்டினார்.

ஒரு வாரத்தில் முடித்தேன். இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது. கட்டையைப் பெயர்த்துக் குப்பையில் போட்டு, ஓட்டைகளை அடைத்து, பளபளவென்று கறுப்பு பெயிண்ட். வாங்க வந்தவர் கொம்பின் மேல் கையை வைத்துத் தடவினார். தடவிக்கொண்டே நின்றார். அழகில் சொக்கிப்போய்விட்டார் என்று நான் நினைத்தேன். "நல்லா கீது சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெசேஜ் வந்தது: 'கிட்டார் செட் ஆவல சிஸ்டர்.' என்ன செட் ஆகவில்லை? போன் போட்டேன், எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டேன். திரும்பவும் மெசேஜ்: 'தெரில. முன்ன மாரி இல்ல.' எனக்கு வந்ததே கோபம்! மெசேஜ் தட்ட நேரம் இருக்கிறது, போனை எடுக்க மட்டும் நேரமில்லையா?

ஆனாலும் கிட்டாரைத் திரும்ப வாங்கி வந்து பிரித்தேன். ஒவ்வொரு இணைப்பாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். அப்பழுக்கில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குமிழ்களை மாற்றினேன், புதுக் கம்பி போட்டேன். அடுத்த ஞாயிறும் அதே மெசேஜ். போர்டு வேலை செய்யவில்லை என்றால் ஏதோ ஒரு இடத்தில் காரணம் இருந்தே ஆக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் சரியில்லை என்றால் நான் எங்கே ஸ்டிக்கர் ஒட்டுவது?

அந்த வாரம் பாடகர் குழுத் தலைவர் என் நம்பரை வாங்கிப் பேசினார். "மேடம், அண்ணன் ரெண்டு வாரமா ரொம்ப சொதப்புறாரு. கீபோர்டுலயே பேஸ் சவுண்டு இருக்கு. அவர உட்கார வெச்சிடலாமான்னு பேசிக்கினு இருக்கோம். கோளாறு கிட்டார்லயா, அவராண்டயா? நீங்களே சொல்லுங்க."

என் கை பட்ட பிறகுதான் இப்படி. ஒரு மனுஷனின் நாற்காலியே பறிபோகப் போகிறது, அதுவும் என்னால். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஆவடிக்கு ஓடினேன்.

ஆம்ப்ளிஃபயர் சரி. கேபிள் சரி. கிட்டாரும் சரி. பாட்டு ஆரம்பித்தது. இசை தெரியாத எனக்கே தெரிந்தது, அவர் மற்றவர்களுக்குப் பின்னால் பின்னால் போனார். கம்பியை அறுந்துவிடும் போல் இழுத்தார். தலைவர் என்னிடம் குனிந்து, "முன்னெல்லாம் தல குனிஞ்சி ஜெபம் பண்ணிக்கினே வாசிப்பாரு மேடம். இப்ப வாசிப்பும் போச்சி, ஜெபமும் போச்சி," என்றார்.

அப்போதுதான் நான் கிட்டாரை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் தாடை கீழே இறங்கி எதையோ தேடியது. ஒன்றும் தட்டுப்படாமல் நிமிர்ந்தது. மறுபடி இறங்கியது. கடைசியில் கழுத்தை உடைத்துக்கொள்வது போல் வளைத்து, கொம்பின் மேலேயே தாடையை அழுத்தினார். உடனே வாசிப்பு சேர்ந்துகொண்டது! இரண்டே வரிதான். அந்தக் கோணத்தில், தாளம் காட்டுகிற தலைவரின் கை தெரியாது. கையைப் பார்க்க நிமிர்ந்தார், மறுபடி தவறினார்.

டீ இடைவேளையில் பின்னாலிருந்து, "அண்ணா," என்றேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். இரண்டு பெண்கள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். காதில் முந்தானையைச் சுருட்டி அடைத்துக்கொண்டு, கொம்பில் தாடையை வைத்து ஒரு கம்பியைத் தட்டினேன். ஐயோ! பல்லெல்லாம் அதிர்ந்து மண்டைக்குள் சத்தம் வந்து நிறைந்தது. காதே தேவையில்லை.

நிமிர்ந்தால் வாசலில் அவர் நிற்கிறார். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று பார்த்துவிட்டார்.

"ஏண்ணா மொதல்லயே சொல்லல?" என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? அவர் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து மறுபடி கேட்டேன். பால்கனியில் நான் மாஸ்க்கோடு கேட்டதும், இவர் தலையாட்டியதும் அப்போதுதான் சுரீரென்று உறைத்தது.

"இருவது வருஷமா பிரஸ்ஸு சத்தத்துல நிக்கறேன் சிஸ்டர். காது கொஞ்சம் கொஞ்சமா போயிடிச்சி. ஊட்ல மட்டும் தெரியும். காது மிஷின் வாங்கி மாட்டிப் பாத்தேன், ஒரே எரைச்சல், கழட்டிப் போட்டேன். அந்தக் கட்டைய நான்தான் வெச்சேன். அதுல தாடைய வெச்சா நான் வாசிக்கறது எனக்கு வரும், தாளத்துக்கு கண்ணால லீடர் பிரதர் கைய பாத்துப்பேன்." அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கட்ட வேணும்னு கேட்டா, எதுக்குன்னு கேப்பீங்கல்ல? சர்ச்சுல யாராண்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர், வாசிக்க வுட மாட்டாங்க. இது ஒண்ணுதான் எனுக்குக் கீது."

அவர் தானே யோசித்து, தன் உடம்புக்கு அளந்து செய்துகொண்ட வேலை அது. அதற்கு நான் மனசுக்குள்ளேயே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, டிரில்லும் கெட்டியான மரத்துண்டும் கொண்டுவரச் சொன்னேன். உடைந்த தேக்குக் கட்டிலின் காலை அறுத்து எடுத்து வந்தார். "இன்னாம்மே, சர்ச்சில கட்டில் போடப் போறியா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார். பெயிண்டைக் காப்பாற்ற ஆசைப்பட்டு, முதலில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற பஞ்சு டேப்பால் ஒட்டினேன். அண்ணா தாடையை வைத்துப் பார்த்து, "வர்ல," என்றார். பஞ்சு அதிர்வைத் தின்றுவிடுகிறது. ஸ்டூலில் உட்காரவைத்து உயரம் அளந்து, கட்டையை இழைத்து, என் பளபளப்புப் பெயிண்டிலேயே டிரில்லை இறக்கினேன். இரண்டு ஸ்குரூவை இறுக்கி முடுக்கினேன். தாடையை வைத்தார். ஒரு கம்பியைத் தட்டினார். கண் தானாக மூடிக்கொண்டது.

"வந்துடிச்சி சிஸ்டர்."

மறுநாள் காலை ஆராதனைக்கு நானும் போனேன். எல்லார் கையிலும் குருத்தோலை. அவர் தலை குனிந்து வாசித்தார், கண் மட்டும் தலைவரின் கையை விட்டு நகரவில்லை. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். முடிந்ததும் தலைவர் வந்து, "சூப்பர் மேடம்! இன்னா கோளாறு?" என்றார். "லூஸ் கனெக்‌ஷன்தான் சார். என் தப்பு," என்றேன். சர்ச்சுக்குள் நின்று கூசாமல் பொய் சொன்னேன்.

இப்போதெல்லாம் யார் கிட்டார் கொண்டுவந்தாலும் முதலில் வாசிக்கச் சொல்லி, ஆளைப் பார்த்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுக்கிறேன். அந்தப் பாடம் எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது வேறு. அவர் இன்னும் அதே பிரஸ்ஸில்தான் நிற்கிறார். மீதியிருக்கிற காதும் போய்விடும், டாக்டரிடம் போங்கள் என்று எத்தனையோ தடவை மெசேஜ் போட்டுவிட்டேன். 'அதான் கட்ட கீதே சிஸ்டர்,' என்றே பதில் வருகிறது. அந்த ஞாயிறு அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்துக்கு நான்தான் காரணம் என்று நெஞ்சு நிமிரும்போதே, அவர் டாக்டர் வாசலை மிதிக்காமல் இருப்பதற்கும் நானே காரணமாகிவிட்டேனோ என்று இன்றுவரை குழம்பிக்கொண்டிருக்கிறேன்.