தட்டினால் பேசும் ரேடியோ

என் தம்பி எதைக் கையில் எடுத்தாலும் முதலில் பிரித்துப் பார்ப்பான். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் வரவில்லை. பன்றிக் காவலுக்குப் போவதற்காக அப்பா சந்தவாசலில் புளி விற்றுவிட்டு ஒரு டார்ச் லைட் வாங்கி வந்தார். மறுநாளே அது வாசலில் துண்டு துண்டாகக் கிடந்தது. அப்பா கை ஓங்குவதற்குள் திரும்பப் பூட்டி எரியவைத்துக் காட்டிவிட்டான். அவனுக்குப் பத்து வயசு இருக்கும். நான் அஞ்சாவதோடு நின்று வீட்டில் சாமை குத்திக்கொண்டிருந்தேன்.

காட்டு இலாகா ஆட்கள் தூக்கிப்போடும் பேட்டரிக் கட்டைகளைப் பொறுக்கி வந்து பாறைமேல் வெயிலில் வைப்பான். சூடேறினால் அதற்கு இன்னும் கொஞ்சம் உயிர் வரும். அதை வைத்து ஒரு விளையாட்டும் செய்தான். வளைத்து நெளித்த ஒரு கம்பி, அதில் கோத்த ஒரு வளையம். கம்பியில் படாமல் வளையத்தை அந்த முனைக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டால் பல்பு எரியும். எனக்கு நாலு பேர் எதிரில் நிற்கவே வராது. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தால் கை நடுங்கும், பல்பு எரிந்துகொண்டே இருக்கும். "எங்கக்கா இருந்தா வூட்டுக்கு வெளக்கே வாணாம்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அமிர்தியில் மரம் ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர் பேசாத ரேடியோ ஒன்றை அவனுக்குக் கொடுத்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி அதைப் பேசவைத்துவிட்டான். திருகு உடைந்திருந்ததால் அணைக்க வழியில்லை. பின் மூடியைத் திறந்து, உள்ளே கொக்கியில் மாட்டியிருக்கும் சிவப்பு ஒயரைக் கழற்றினால்தான் வாயை மூடும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நேரம் தானாக நின்றுபோகும். எங்கேயோ சரியாக ஒட்டவில்லை. தலையில் ஒரு தட்டு தட்டினால் மறுபடி பேசும். யாரையும் தொட விடமாட்டான். அந்தச் சிவப்பு ஒயரை எனக்கு மட்டும் காட்டி வைத்திருந்தான்.

மழை வரும் என்று ரேடியோ சொன்னால் அம்மாவிடம் ஓடி வருவான். அம்மா காயப்போட்ட சாமையை வாரி உள்ளே வைப்பாள். பக்கத்து வீட்டுச் சித்தி, "ஒம்புள்ள பொட்டியைக் கேட்டுத்தான் மேகம் வருதா?" என்று கேலி பேசினாள். ஒரு தடவை அவன் சொன்னபடியே பெய்து, பாறையில் காய்ந்துகொண்டிருந்த சித்தியின் சாமையை வெள்ளம் வழித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அம்மா வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

சாமை அறுப்பு முடிந்த சமயம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வேர் அரைத்துக் கொடுத்தார்கள், சாமி பார்த்தார்கள், இறங்கவில்லை. நினைவு தப்ப ஆரம்பித்த பிறகுதான் போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாக்கி, அமிர்திக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே போனால் வேலூருக்கு பஸ். ரேடியோவை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டுதான் போனான். வழியிலேயே அது நின்றுவிட்டதாம். கட்டை தீர்ந்துபோயிற்று என்று அப்பா நினைத்தாராம். தட்டுவதற்கு அவன் கையைத் தூக்கப் பார்த்தான், தூக்க முடியவில்லை என்று மாமா பிறகு சொன்னார். அமிர்தி போய்ச் சேருவதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள்.

செத்தவர்கள் கையில் புழங்கிய சாமானைக் குழியில் கூடவே வைத்து மூடுவது எங்கள் வழக்கம். பெரியப்பாவுக்குக் கொடுவாள் வைத்தார்கள். இவனுக்கு ரேடியோவை வைத்தார்கள். பெண்கள் ஊர் எல்லையோடு நின்று திரும்பிவிட வேண்டும். நாங்களும் திரும்பிவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். மண் தள்ளியபோது ஒரு கட்டி ரேடியோமேல் விழுந்து அது பேச ஆரம்பித்துவிட்டதாம். குழியில் நின்றவர்கள் மேலே தாவி ஏறிவிட்டார்கள். ஒருவர் மண்வெட்டியால் அதை உடைக்கப் போக, அப்பா குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார். மூடவும் விடவில்லை.

"நிறுத்தறது ஒனக்குத் தெரியுமாமே, வாம்மா" என்றார் மாமா.

நான் தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னால் போனேன். ஊர் ஆண்கள் எல்லோரும் அங்கே நின்றிருந்தார்கள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்பா என்னிடம், "பேசறது மேல எப்பிடிம்மா மண்ணு போடறது?" என்றார்.

கையைப் பிடித்து என்னைக் குழிக்குள் இறக்கினார். தம்பியின் முகத்தைத் துணி மூடியிருந்தது. இடுப்பு வரைக்கும் அவன்மேல் மண். ரேடியோவில் யாரோ ஒருவர் நிதானமாக, வடக்கு மாவட்டங்களில் மழை பெய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்தேன். கை நடுங்கியதில் ஒயர் கொக்கியைவிட்டு வரவில்லை. பிடித்து இழுத்தேன், அறுந்துகொண்டு வந்தது. குரல் நின்றது. மூடியைப் பூட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

"அவ்ளோதான். திரும்பிப் பாக்காம வூட்டுக்குப் போ" என்றார் மாமா. முதுகுக்குப் பின்னால் மண் விழும் சத்தம் கேட்டது.

ஓடையில் தலைமுழுகிவிட்டு வந்தேன். எனக்கு முன்பே சேதி வீட்டுக்கு வந்திருந்தது. சுவரில் சாய்ந்திருந்த அம்மா என் ஈரத் துணியை இழுத்துப் பிடித்தாள்.

"இன்னா சொன்னான்?"

அது ரேடியோ, அவன் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"மழ வரும்னு."

அம்மா எழுந்து வெளியே போனாள். அவனை டோலியில் தூக்கிய நாளிலிருந்து சாமை பாறையிலேயே கிடந்தது. அரைகுறையாகத்தான் காய்ந்திருந்தது, பனியில் வேறு நனைந்திருந்தது. தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் அதை வாரி வாரிச் சாக்கில் போட்டாள். சித்தி வந்து தடுத்தாள். அவளைத் தள்ளிவிட்டாள். ஈரத் துணியோடு நானும் கூட வாரினேன்.

அன்றைக்கு மழை வரவில்லை. மறுநாளும் வெயில்தான். காயவைக்கலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்று அம்மா மூட்டையை அவிழ்க்கவே விடவில்லை. உள்ளேயே பூசணம் பூத்தது. அந்த வருஷம் அந்தக் கசப்புச் சாமையைத்தான் ஆக்கித் தின்றோம்.