சாம்பல் கலந்த உப்பு

மோகனூர் வாய்க்கால் வயல்களில் எரு வீசும் நாளென்றால் ஆராயி வந்துவிட்டாளா என்றுதான் முதலில் கேட்பார்கள். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூன்று எட்டுக்கு ஒரு வீச்சு. விரல்கள் எப்போது விரிந்தன என்று தெரியாது. புண்ணாக்குத் தூள் பயிரின்மேல் விழும் ஓசை மட்டும் கேட்கும், தூறல் தொடங்குவதுபோல. அந்த ஓசையைக் கேட்டுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

குள்ளமான பெண். ஒரு காதில் மட்டும் தோடு. மற்றது ஒரு நடவில் சேற்றோடு போய்விட்டது. "நெலத்துக்குத்தானே போட்டேன்" என்பாள். புருஷன் இறந்து வெகுகாலம். அந்தக் கைதான் அவளுக்குச் சோறு, ஊரில் அவளுக்கு இருந்த பேரும் அதுதான்.

முப்பத்தாறாம் வருஷம் கந்தப்பக் கவுண்டர் நாமக்கல்லிலிருந்து பயிருக்கு உரமாகப் போட ஒரு மூட்டை சீமை உப்பு கொண்டுவந்தார். சர்க்கரைபோல வெள்ளை. கொழுஞ்சித் தழையைச் சேற்றில் மிதித்தால் பயிர் பச்சை கட்ட ஒரு மாதமாகும், புண்ணாக்குக்குப் பதினைந்து நாள், இதற்கு ஒரு வாரம் போதும் என்று உர டிப்போக்காரர் சொல்லியிருந்தார். மேலே என்ன சொன்னாரோ, கவுண்டர் நின்று கேட்கவில்லை.

எதையும் சாம்பல் கலந்து வீசுவதே ஊர் வழக்கம். பரவலாக விழும். கவுண்டர் முந்தின நாளே களத்தில் உப்போடு அடுப்புச் சாம்பலைக் கலந்து, பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்து, சாக்கால் மூடிவைத்தார். சாம்பல் தீர்ந்ததால் கால் மூட்டை உப்பு மிஞ்சியது.

காலையில் சாக்கை விலக்கியதும் நெடி மூக்கில் ஏறியது.

"சரக்கு நயம், ஆராயி! கண்ணுல தண்ணி வருது பாரு." கவுண்டர் தும்மிக்கொண்டே சிரித்தார்.

ஆராயி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "ஆட்டுப்பட்டி நாத்தமுங்க சாமி."

"நாத்தமில்ல, வீரியம்."

"வீரியம் மூக்குக்கு வந்துட்டா வேருக்கு என்னங்க மிஞ்சும்? வயல்ல ஆட்டுப்பட்டி போட்டா வெயிலுக்கு முந்தியே புழுக்கைய ஏரோட்டி மூடிப்போடறீங்களே, எதுக்குங்க?"

"டிப்போக்காரன் படிச்சவன். நீ வீசு."

"பயிரு வரலீன்னா எங்கையத்தானுங்க ஏசுவாங்க."

"எவன் ஏசறவன்? வீசு."

வீசினாள். மிஞ்சின உப்போடு சாம்பலுக்குப் பதில் வயல் சேற்றைப் பிசையலாமா என்று கேட்டாள். "என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கவுண்டர் மடையைப் பார்க்கப் போனார். சேற்றோடு பிசைந்த உப்பைக் கீழ்மூலையில் வீசினாள்.

எட்டாம் நாள் கீழ்மூலை கரும்பச்சையாக நின்றது. மற்ற இடமெல்லாம் வெளிர் மஞ்சள். வரப்பில் போகிறவர்கள் உப்பைப் பற்றிப் பேசவில்லை.

"ஆராயிக்குக் கை தப்பிடுச்சு. மொத்தத்தையும் ஒரே மூலையில கொட்டிப்போட்டா."

கவுண்டர் காதிலும் அது விழுந்தது. அவர் மறுக்கவில்லை. அந்தப் போகம் எவரும் அவளை எரு வீசக் கூப்பிடவில்லை. களையெடுக்கப் போனாள். அங்கும் வரிசையின் கடைசியில்தான் இடம்.

"ஏனுங்க அத்தை, களையாச்சும் எல்லாப் பக்கமும் எடுப்பீங்களா, ஒரு மூலையோட சரியா?" என்றாள் செல்லாயி.

"உம்பக்கம் எத்தனை கெடக்குதுன்னு திரும்பிப் பாரு, சாமி."

பெண்கள் சிரித்தார்கள். ஆராயி சிரிக்கவில்லை.

அடுத்த போகத்துக்கு உப்பு வாங்கப் போன கவுண்டர் இந்த முறை டிப்போவில் நின்று கேட்டார். சாம்பலோ சுண்ணாம்போ பட்டால் உப்பின் சத்து நெடியாகக் காற்றில் போய்விடும், ஈரமண்ணில் பிசைந்து போட்டால் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றார்கள். திரும்பி வந்தவர் நேராகக் களையெடுப்பு நடந்த வயலுக்குப் போனார்.

"ஆராயி, நாளைக்கு எரு வீசோணும்."

"நான் கை தப்பினவளுங்க. செல்லாயியக் கூப்பிடுங்க."

கவுண்டர் தடியால் வரப்பைக் கிளறினார். பெண்களின் கைகள் நின்றன.

"உங்கை தப்பல. நாந்தான் சாம்பலக் கலந்து கெடுத்துப்போட்டேன்."

"அக்கட்டால வயல்ல இருக்கறவளுகளுக்குக் கேக்கலீங்க சாமி."

கவுண்டர் அடுத்த வயலுக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார்.

"மூட்டையப் பிரிக்காம வெச்சிருங்க. வெடியால வாரேன்" என்று சொல்லிவிட்டு ஆராயி குனிந்து, விட்ட இடத்திலிருந்து களை பிடுங்கத் தொடங்கினாள்.