சிலந்தி நூல் லேஞ்சி

எண்பதுகளின் தொடக்கத்தில், நெசவுக்குப் பேர்போன மருதமுனைக்கு இடுப்பில் கட்டும் சாரன் வாங்கப் போனபோது அந்த நெசவுக்காரப் பெண்ணைச் சந்தித்தேன். மெலிந்தவர். பேசும்போதும் விரல்கள் நூல் பிரிப்பதுபோல் அசைந்துகொண்டே இருக்கும். காட்டுச் சிலந்திகளிடமிருந்து பொன்னிற நூலை உருவி, இரண்டு வருடம் பாடுபட்டு கைக்குட்டை அளவில் ஒரு சிறிய லேஞ்சி நெய்திருந்தார்.

அங்கு வந்திருந்த ஹாஜியார் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"வூடுகளில பலவீனமானது சிலந்திட வூடு எண்டு குர்ஆனிலயே இருக்கு மகள். இது நிக்குமா?"

"ஓம் ஹாஜியார், வூட்டத்தான் அல்லாஹ் சொன்னான். நூலச் சொல்லல்லியே. புடிச்சி இழுங்க."

ஹாஜியார் இரண்டு கைகளாலும் பலம்கொண்ட மட்டும் இழுத்தார். லேஞ்சி கிழியவில்லை.

"நானே வாங்கிக்கிறன்" என்றார்.

"சிரிச்ச ஆக்களுக்கு நான் விக்கிறல்ல."

அதை ஒருமுறை தொட்டுப் பார்க்க எனக்கும் ஆசைதான். கேட்க வாய் வரவில்லை. ஹாஜியாரோடு சேர்ந்து நானும் சிரித்திருந்தேன்.