லண்டனுக்குப் போன கையெழுத்துகள்

மாலை ரயிலில் ஆவடிக்கு வந்து இறங்கும் என் நாத்தனார், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் குழாயடிக்குத்தான் போவாள். விரல் இடுக்கெல்லாம் பழுப்புத் தூசி அப்பியிருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பகலெல்லாம் பழைய காகிதங்களைப் புரட்டிய தூசி. கை கழுவிய பிறகுதான் என் மகளைத் தூக்குவாள். எண்பதுகளின் நடுவில், என் கணவருக்குத் தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸில் நாங்கள் நால்வரும் இருந்த காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பக்கத்து விவசாயிகளும் மற்றவர்களும், வரிச் சுமை தாங்காமல் லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியிருக்கிறார்கள். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நான் வெங்காயம் நறுக்கும்போது சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து சொல்லுவாள். கப்பலேறிப் போன மனுவோடு ஓர் உறுப்பினர் எழுந்து, இன்னார் அனுப்பியது, இன்ன கோரிக்கை என்பாராம். மேசைமேல் வைப்பார்களாம். அவ்வளவுதான், சபை அடுத்த வேலைக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் இது வேடிக்கையாகிவிட்டது. நான் புதுப் புடவை கேட்டால் என் கணவர், "மனு மேசைமேல் வைக்கப்பட்டது" என்பார். விழுந்து விழுந்து சிரிப்பவள் அவள்தான்.

கீரை விற்க வரும் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "இன்னாம்மா இது, கண்ணாலம் கட்டிக்கினு போவ வேண்டிய பொண்ணு, செத்துப்போனவங்க மனுவப் படிச்சிகினு கீது?" என்றாள் ஒருநாள்.

"அவங்களுக்கு யாரும் ஒழுங்கா பதில் சொல்லலம்மா. கேட்டாங்கன்னாவது நாலு பேருக்குத் தெரியணும்ல" என்றாள் நாத்தனார்.

"தண்ணி லாரிக்கு நாங்களுந்தான் எயுதிக் குட்த்தோம். எவன் படிச்சான்?" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள் அந்த அம்மா.

லண்டனில் ஓராண்டு படிக்க உதவித்தொகை வந்தபோது, மாமியார் ஊரிலிருந்து கல்யாணப் பேச்சும் வந்தது. என் கணவர் தயங்கினார். "போய்ட்டு வரட்டுங்க. மாப்பிள்ளை எங்கயும் ஓடிடமாட்டார்" என்று நான்தான் வாதாடினேன். அவளுக்கு அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. இங்கே கிடைத்த அச்சு அறிக்கைகளில் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்ற எண்ணிக்கைதான் இருந்தது, பெயர்கள் இல்லை. "அந்தக் கையெழுத்த ஒரு தடவ தொட்டுப் பாத்துடணும் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஃபோனுக்கு அழைப்பு வந்தது. ஈரக் கையோடு ஓடினேன்.

"நான் தேடினது எதுவுமே இல்ல அண்ணி. எண்ணிக்கையக் குறிச்சுக்கிட்டு மனுவத் தூக்கிப் போட்டிருக்காங்க. அதுதான் அப்போ வழக்கமாம்" என்றாள். அவ்வளவு தூரம் போய், முன்பின் தெரியாதவர்களுக்காக அழுதாள்.

"பேரு போனாலும் கேட்டது போகலையே. அத நீ எழுதும்மா" என்றேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

எழுதினாள். எழுதி முடிக்க ஆண்டுகள் ஆயின. பிறகு அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். தொண்ணூறுகளில் நாங்கள் அம்பத்தூரில் வீடு கட்டியபோது அவளுக்கென்று ஓர் அறை விட்டோம். இரண்டு முறை வந்து தங்கினாள், அவ்வளவுதான். அவளை அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இன்றும் சமையலறையில் தனியாக நிற்கும்போது, நிலைப்படிப் பக்கம் யாரோ பேச்சை ஆரம்பிப்பார்கள் என்று காது காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் காலையில், தெருவில் தேங்கும் சாக்கடைத் தண்ணீருக்காக மனு எழுதிக்கொண்டு எதிர்வீட்டுப் பெண் கையெழுத்துக்கு வந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன்.

"சும்மா போடுங்கக்கா, எல்லாம் நம்ம தெரு ஆளுங்கதான்" என்றாள் அவள்.

"இரும்மா, எல்லாரையும் படிச்சுட்டுப் போடறேன்" என்றேன். கடைசிப் பெயர்வரை படித்துவிட்டு, என் பெயரை முழுதாகத் தமிழில் எழுதினேன்.

அவள் போனதும் இதை உடனே நாத்தனாரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.