மெடிக்கலுக்கு முந்தின மாத்திரை

சகாயநாதன் துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டினார். கூரைக்கு அடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்பவன் கையசைப்பதைப் பார்த்து, லாரி கனத்துக்கு இரும்பை ஓசையில்லாமல் இறக்கிவைக்கும் வேலை. பொன்மலைப்பட்டியில் கிரேன் சகாயம் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வருஷா வருஷம் கம்பெனியில் உடம்பைச் சோதிக்கும் மெடிக்கல் உண்டு. பிரஷர் இருந்தால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

ஒரு வருஷம் மெடிக்கலுக்கு முன்னால் மருந்துக் கடையில் பார்த்தபோது பிரஷர் ஏறியிருந்தது. அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். யோசனை அவர் மனைவி லூர்துவுடையது. மகன் ஜூட் பிறந்ததிலிருந்து அவளுக்குப் பிரஷர். தன் அட்டையிலிருந்து சில மாத்திரைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாள். மெடிக்கல்வரை போட்டார். அன்று சாயங்காலம் தெருவிலிருந்தே, "பாஸ்டி லூர்து" என்றார். கையில் மீன் பை.

பிறகு எல்லா வருஷமும் அப்படித்தான். மெடிக்கல் முடிந்தால் மாத்திரையும் முடிந்தது. தினமும் போடச் சொல்லி ஒருமுறை சொன்னாள். "நான் என்ன சீக்காளியா?" என்றார். தலைவலிகூட வராத மனிதர். அவளும் விட்டுவிட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இழுத்து நடந்தார். சட்டைப் பித்தானுக்கு ஓட்டை தெரியவில்லை. மீன் வாங்கப் போனவர் ஏதோ பஸ்ஸில் ஏறி, ஸ்ரீரங்கத்தில் வெறும் பையோடு நின்றார். டீக்கடைக்காரர் போன் செய்தார்.

டாக்டர் ஸ்கேனில் வெள்ளை வெள்ளையாக இருந்த இடங்களைக் காட்டினார். "மூளைக்குள்ள இருக்கிற பொடிப் பொடி ரத்தக்குழாய்ங்க. பிரஷரைத் தாங்கித் தாங்கிக் கெட்டுப்போயிருக்கு. போனது திரும்பாது, இனிமே போகாம பாத்துக்கலாம். எத்தனை வருஷமா பிரஷர்?"

"எனக்குப் பிரஷர் இல்ல சார். எல்லா மெடிக்கல்லயும் பாஸ்" என்றார் சகாயநாதன்.

லூர்து ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கோயில் பூசைக்குப் போனாளே தவிர, பாவத்தோடு தொடக் கூடாதென்று நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை.

இப்போது அதே கிரேனை ஜூட் ஓட்டுகிறான். ஒருநாள் வந்து அடுப்படியில் நின்றான்.

"வியாழக்கிழமை மெடிக்கல்மா. மருந்துக் கடையில பிரஷர் பாத்தேன், கூடத்தான் இருக்கு. அப்பாவுக்கு வெட்டிக் குடுப்பியே, எனக்கும் குடு."

"யாரு சொன்னா உனக்கு?"

"அப்பாதான். உங்கம்மா வைத்தியத்துலதான் கிரேன் ஓடுதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"டாக்டரைப் பாருடா. தினம் போடு."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா இறக்கிடுவாங்கம்மா. இந்த ஒரு தடவை."

நாற்காலியில் இருந்த சகாயநாதன் தலை நிமிர்ந்தார். "மெடிக்கலா?"

எழுந்தார். காலை இழுத்து இழுத்து பிரிட்ஜ்வரை போனார். அதன் மேலிருந்த தன் அட்டையை எடுத்து, வெகுநேரம் அழுத்தி, ஒரு மாத்திரையைப் பிதுக்கி மகனிடம் நீட்டினார்.

"போடு. பாஸாயிரும்."

பல மாதங்களாக அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. பேரன் பெயர் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

ஜூட் கை நீட்டினான். லூர்து குறுக்கே வந்து கணவரின் விரல்களை மூடினாள்.

"இது உங்களுதுங்க." பிறகு மகனைப் பார்த்தாள். "இதைக் குடுத்துத்தான் இவரை இப்படி ஆக்கினேன்."

"நீ என்னம்மா செஞ்ச? அவருதான் தினம் போடல."

"பாஸாகி வரப்ப எனக்கும் சந்தோஷமாத்தான்டா இருந்துச்சு. மீனைக் கழுவி ஆக்கிப் போட்டேன்."

அவன் சாப்பிடாமல் போனான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பைக்கை அணைக்காமல் வாசலிலேயே நின்றான். "இறக்கிட்டாங்க. ஸ்டோர்ல போட்டிருக்காங்க. தினம் போடச் சொல்லி மாத்திரை எழுதியிருக்காங்க. போதுமா?"

பதிலுக்கு நிற்கவில்லை. பைக் தெருமுனை திரும்பும்வரை லூர்து வாசலிலேயே நின்றாள்.

உள்ளே சகாயநாதன் கேட்டார்: "பாஸ்தானே?"

"ஆமாங்க" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப மீன் வாங்கணுமே" என்று பையைத் தேடத் தொடங்கினார்.

லூர்து கதவைச் சாத்தித் தாழிட்டாள்.