அந்தோணிராஜ் அண்ணனுக்கு அறுபத்து நாலு

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் ஆறாவது மாடியில் இருக்கும் அந்தோணிராஜ் அண்ணனை முதல் முறை பார்க்கிறவர்கள் நாற்பது வயது என்பார்கள். தாராள மனசுக்காரர்கள் முப்பத்தெட்டுக்கும் இறங்குவார்கள். நிஜத்தில் அவருக்கு அறுபத்து நாலு. இந்த நாட்டில் வயதை ஒளிப்பது லேசில்லை. அடையாள அட்டையின் எண்ணே பிறந்த வருஷத்தில்தான் தொடங்குகிறது. அதனால் அண்ணன் தன் ஐ.சி.யை யார் கையிலும் கொடுக்க மாட்டார். கவுண்டரில் கேட்டால், முதல் இரண்டு எண்ணைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு தூரத்திலிருந்து காட்டுவார்.

முப்பத்தைந்து வருஷம் தீவுக்கும் அக்கரைக்கும் ஓடும் ஃபெர்ரியில் கயிறு போட்ட ஆள். அதே வெயில், அதே உப்புக்காற்று. கூட வேலை பார்த்தவன் எல்லாம் கருவாடாகிப் போனான். ஓய்வு பெற்ற நாளில் மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி பூச்செண்டோடு நேராக வந்தார், அண்ணனைத் தாண்டினார், பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்துக் கைகுலுக்கி, "இனி நல்லா ஓய்வெடுங்க" என்றார். அந்தக் கதையை அண்ணன் இன்றைக்கும் கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஆள் நான். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது.

"எப்படிண்ணே இப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நெஞ்சில் கையை வைப்பார்.

"மனசு, தம்பி. மனசைச் சுத்தமா வெச்சிருக்கணும்லா."

இருபது வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு தலைக்குச் சாயம் பூசுவார். அது பாதிக் கதை. மீதிப் பாதி, அண்ணன் எதற்கும் கவலைப்பட்டது கிடையாது. நெற்றியில் கோடு விழ வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை நினைத்துத் தூக்கம் கெட வேண்டும். அந்த வீட்டில் அந்த வேலையை மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். மகன் கிளிஃபர்டுக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அமலம்மாள் அக்கா நாலு நாள் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழவில்லை. அண்ணன் ஒரு நாள் சாயங்காலம் தலைவாரி, சென்ட் போட்டுக்கொண்டு வந்தார். "பையன் தெளிவாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் காப்பிக்கடைக்குப் போனார்.

அக்காவுக்கு அறுபது. பார்த்தால் எழுபத்தைந்து சொல்லலாம். ஒரு நாள் பசாரில் காய்கறி விற்கும் சீனத்தி, கூடவே பை தூக்கிக்கொண்டு நின்ற அண்ணனைக் காட்டி, "அம்மா, உன் மவன் ரொம்ப ஹென்சம்லா" என்றாள். அக்கா பதில் பேசாமல் கங்கோங் கீரையை எடைபோடச் சொன்னார். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அவளிடமே இன்னும் இரண்டு கட்டுக் கீரை வாங்கினார்.

கிளிஃபர்டின் நிலைமை இதைவிட மோசம். முப்பத்தாறு வயது, பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. இருபத்தெட்டிலேயே தலை வழுக்கை. தொப்பை, சீனி வியாதி, சோடாப்புட்டிக் கண்ணாடி. அப்பாவும் மகனும் ஒன்றாக நடந்தால், "உங்க அண்ணனா?" என்று கேட்பார்கள். கேட்பது அப்பாவிடம்.

பெண் பார்க்கப் போன இரண்டு இடமும் இப்படித்தான் கெட்டது. முதல் வீட்டில் பெண் தட்டோடு வந்து அண்ணனுக்கு முன்னால் வெட்கப்பட்டாள். இவர் தப்பு என்று சொன்னாரா? சிரித்துக்கொண்டே ஜூஸை எடுத்துக்கொண்டார். இரண்டாவது வீட்டில் பெண்ணின் தாயார் வாய்விட்டே சொல்லிவிட்டார், அப்பா மாதிரி மகன் இல்லையே என்று.

மூன்றாவதாக வந்தது சிம்பாங் அம்பாட் கிறிஸ்டல். கிளினிக்கில் நர்ஸ். கிளிஃபர்டோடு இரண்டு தடவை பேசிவிட்டு, "எனக்கு இவரு போதும்" என்று அவளே சொன்னாள். ஆனால் அவளுடைய அப்பா மரியசூசை, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தே காலம் தள்ளும் மனுஷன். "இதுவும் போச்சுன்னா இனி எவன் வீட்டு ஹால்லயும் போய் நான் உக்கார மாட்டேன், அங்கிள்" என்று கிளிஃபர்ட் என்னிடம் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று. படமும் பலகையில் ஒட்டுவார்கள். கிளிஃபர்டின் படத்தை உறையில் போட்டு அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்தார். அதே நேரம், வருஷத்துக்கு ஒரு முறை மூத்தோர் மன்றத்துக்காரர்களை பஸ்ஸில் புக்கிட் மெர்தாஜாம் திருத்தலத்துக்குக் கூட்டிப்போகிறார்களே, அதில் புருஷனையும் சேர்த்துவிடலாம் என்று அவருக்குத் தெரியாமல் அவர் படத்தையும் இன்னொரு உறையில் கொடுத்தார். இரண்டு உறையிலும் அந்தோணிராஜ் என்ற பெயர் இருந்தது, மகனுடையதில் தகப்பன் பெயராக.

ஆபீஸில் இருந்தது பெவர்லி என்ற புதுப் பிள்ளை. இரண்டு படத்தையும் மேசையில் வைத்துப் பார்த்தாள். வழுக்கைத் தலையை மூத்தோர் பட்டியலில் ஒட்டினாள். அலை அலையாய்த் தலைவாரிய ஆளைக் கிறிஸ்டலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அந்தப் பிள்ளையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நானாயிருந்தாலும் அப்படித்தான் ஒட்டியிருப்பேன்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் ஆறு பேர் சாமியாரின் அறை வாசலில் நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே சேதிதான்: "ஃபாதர், இந்த மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டி இருக்கு." அமலம்மாள் அக்கா பலகைக்கு முன்னால் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துப் பலகையில் மகன் மூத்தோரில் ஒருவனாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன்? அண்ணன் ஃபோனை எடுத்து, பலகையைப் படம் பிடித்தார். "லைட்டு கரெக்டா விழுந்திருக்கு, பாருங்க தம்பி" என்று என்னிடம் காட்டினார்.

பெவர்லி படத்தை மாற்றுவதற்குள் அது வாட்ஸ்அப்பில் கடல் தாண்டி சிம்பாங் அம்பாட் போய்விட்டது. சாயங்காலமே மரியசூசை மகளோடு வந்து இறங்கினார். சத்தம் கேட்டு நானும் போனேன்.

"என் அக்கா மவ போன் பண்ணி, 'மாமா, கிறிஸ்டலை ரெண்டாந்தாரமா குடுக்கிறீங்களா'ன்னு கேக்குறா. இல்லம்மா, அது மாப்பிள்ளையோட அப்பான்னேன். அப்ப மாப்பிள்ளை யாருன்னா. கிளிஃபர்ட் படத்தை அனுப்பினேன். 'இவருதானே அப்பா'ங்குறா! நான் எத்தனை பேருக்கு வெளக்கம் சொல்றது?"

"விடுங்க சம்பந்தி, சின்ன விசயம்" என்றார் அண்ணன். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சின்ன விசயமா? அடுத்த ஞாயிறு என் சொந்தம் ஒரு வேன் நெறைய வருது. ரெண்டாவது ஓலைக்கு முன்ன நீங்க மைக்கில நின்னு, நான்தான் அப்பா, எனக்கு வயசு இத்தனைன்னு சொல்லணும். சொல்லாட்டி மூணாவது ஓலை கெடையாது."

"அப்பான்னு சொல்றேன். வயசு எதுக்கு?"

"வயசுதான் வேணும்."

கிறிஸ்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மரியசூசை கையைக் காட்டி நிறுத்தினார். கிளிஃபர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரே ஒரு நம்பர்தான்பா. சொல்லிடுங்க" என்றான்.

அந்த ஒரு வாரம் அண்ணன் பட்ட பாட்டை அவர் மொத்த ஆயுசிலும் பட்டிருக்க மாட்டார். காப்பிக்கடைப் பக்கமே வரவில்லை. சனிக்கிழமை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. சாமியார் கூப்பிட, அண்ணன் நீலச் சட்டை, கூலிங் கிளாஸ் நெற்றிக்கு மேலே, மைக்குக்குப் போனார்.

"என் பேரு அந்தோணிராஜ். கிளிஃபர்ட் என் மகன்." இருமினார். "எனக்கு வயசு..." மறுபடி இருமினார். "அம்பத்தி மூணு."

கோயில் முழுக்க மனசுக்குள் கணக்குப் போட்டது. மகனுக்கு முப்பத்தாறு. மிச்சம் பதினேழு. வேனில் வந்த பெண்கள் ஒருத்தர் காதை ஒருத்தர் கடித்தார்கள். மரியசூசை எழுந்து மகளின் கையைப் பிடித்தார். அவள் எழவில்லை. அவர் இழுத்தார். மூன்றாவது பெஞ்சில் கிளிஃபர்ட் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஃபாதர், அறுபத்தி நாலு!"

அமலம்மாள் அக்கா. அந்தக் குரலை இருபது வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"கல்யாணத்தப்ப இந்த மனுசனுக்கு இருபத்தாறு. இதே கோயில்லதான் ஓலை வாசிச்சாங்க, பழைய புக்கை எடுத்துப் பாருங்க. அதுக்கும் மேல சந்தேகமா இருந்தா, இந்தாங்க." கைப்பையைத் திறந்து ஐ.சி.யை எடுத்தார். புருஷனைத் தெரிந்தவர், விடியற்காலையிலேயே அவர் பர்ஸிலிருந்து உருவி வைத்திருக்கிறார். விறுவிறுவென்று நடந்துபோய் சாமியார் கையில் வைத்தார்.

சாமியார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அறுபத்தி ஒண்ணுல பொறந்திருக்காரு" என்றார். மைக் திறந்திருந்தது.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அப்போது வேனில் வந்த அந்த அக்கா மகள், "அறுபத்தி நாலா! அய்யோ, பாத்தா தெரியவே இல்லையே!" என்றாள். கோயில் முழுக்க "ஆ" என்றது. ஒருவர் கைதட்டினார். மரியசூசை நாலு பக்கமும் திரும்பிச் சொந்தக்காரர்களின் முகத்தைப் பார்த்தார். எல்லாம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மெதுவாக உட்கார்ந்தார். இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு மூன்றாவதும்.

அன்றைக்கு அண்ணனுக்குத் திருந்த ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு அண்ணனைத் தெரியாது. அன்றிலிருந்து பெயரைச் சொல்வதற்கு முன்னால் வயதைச் சொல்கிறார். ஐ.சி. இப்போது சட்டைப் பையிலேயே இருக்கிறது, எண் வெளியே தெரிகிற மாதிரி.

கல்யாண விருந்து சிம்பாங் அம்பாட் மண்டபத்தில். மேடையில் கிளிஃபர்டும் கிறிஸ்டலும் தனியாக நின்றார்கள். கூட்டம் முழுக்க வாசலில். நான் மொய் உறையைக் கொடுக்க மேலே போனபோது, "அங்க என்ன அங்கிள் கூட்டம்?" என்றான் மாப்பிள்ளை.

"உங்கப்பா வயசு சொல்லிக்கிட்டு நிக்கிறாரு."

கிறிஸ்டல் டிஷ்யூவால் அவன் வழுக்கையில் வழிந்த வியர்வையை ஒற்றினாள். "சொல்லட்டும்லா அங்கிள். இங்க நிம்மதியா இருக்கு" என்றாள்.

நான் இறங்கி வாசலுக்கு வந்தேன். அண்ணன் நாலு பெண்களுக்கு நடுவில் ஐ.சி.யைப் பிடித்துக்கொண்டு செல்ஃபிக்கு நின்றார். கொஞ்சம் தள்ளி அமலம்மாள் அக்கா, புதுப் பட்டுப்புடவையில், வருகிறவர்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி அண்ணனைக் கண்ணால் காட்டி, "அது உங்க மகனாம்மா?" என்று கேட்டாள்.

இந்த முறை அக்கா பேசாமல் இருக்கவில்லை.

"ஆமாம்மா. முப்பத்தெட்டு வருசமா நான்தான் வளக்குறேன்."