மழைத் தண்ணீரில் ஒரு ஞானஸ்நானம்

என்னோடு ஒரே பந்தியில் அமரும் சபையாரே,

2005ஆம் ஆண்டின் ஐப்பசி மழையை நினைத்தால் இன்றும் என் கைகள் குளிர்கின்றன. கீற்றுப் போட்டு மூடியிருந்த உப்புக் குவியல்கள் கரைந்து ஓடின. பெருமுக்கல் சாலை மூழ்கியது. உப்பளத்துக் குடிசைகளில் இருந்தவர்கள் மேட்டில் நின்ற எங்கள் ஓட்டுக் கோவிலுக்குள் வந்து தங்கினார்கள். மழையை நிறுத்தும் என்றே ஆண்டவரிடம் மன்றாடினேன். நிற்கவில்லை.

அங்கே, சேலையால் மறைத்த ஒரு மூலையில், உப்பளத் தொழிலாளி தேவதாசின் மனைவி எஸ்தருக்கு மாதம் நிறையுமுன் பெண் குழந்தை பிறந்தது. முன்பே ஒரு பிள்ளையை ஞானஸ்நானம் பெறுமுன் பறிகொடுத்தவள் அவள். குழந்தை அழவில்லை, மூச்சு நூலாக ஓடியது. பிரசவம் பார்த்தவள் அனுமந்தை மீன்காரி ஆரோக்கியம். கூடையோடு வந்து வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட கத்தோலிக்கப் பெண்.

"ஞானஸ்நானம் இல்லாம இதுவும் பூடுமாங்க?" என்று எஸ்தர் என்னைக் கேட்டாள்.

நான் சபை மூப்பன். தரங்கம்பாடிக் கரையில் மிஷனரிமார் இறங்கிய நாள்முதல் வளர்ந்த லுத்தரன் திருச்சபையில், எங்களுடையது ஓரத்துச் சிறு சபை. மேலே பேராயர், அவருக்குக் கீழே குருசேகரங்கள், குருசேகரத்துக்கு ஐயர் என்று அழைக்கப்படும் ஒரு போதகர், அவர் பொறுப்பில் எங்களைப் போன்ற கிளைச் சபைகள். ஐயர் மாதத்தின் முதல் ஞாயிறு மொபெட்டில் வருவார். மற்ற ஞாயிறுகளில் நான் பிரசங்கம் வாசிப்பேன். அந்த நாட்களின் அழகை என்னென்பேன்! தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, ஜால்ராவோடு எழும் கீர்த்தனை, ஐயர் வரும் ஞாயிறு மட்டும் வெளியே எடுக்கும் ஞானஸ்நான வெள்ளிக் கிண்ணம். அதைத் துடைத்து வைத்திருக்கிறேனே தவிர, அதிலிருந்து நான் யாருக்கும் வார்த்ததில்லை.

உயிர் போகும் அவசரத்தில் எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பின்னர் ஐயர் விசாரித்துச் சபையின் முன் உறுதிசெய்வார். திடப்படுத்தல் வகுப்பில் படித்த முறைமைதான். ஆனாலும் நான் வார்க்கலாமா என்று தயங்கினேன்.

"இன்னா பெரியவரே யோசிக்கிறீங்க? எங்க கோயில்லயும் அவசரத்துக்கு ஊத்துவாங்க. உங்க ஐயரு கேட்டா நான் வந்து சண்ட போடறேன், ஊத்துங்க!" என்றாள் ஆரோக்கியம்.

குடத்தை எடுத்தேன். "அது வாணாங்க, அளத்துத் தண்ணி கலந்து உப்பாயிடுச்சு" என்ற தேவதாஸ், கூரை ஓரத்தில் சொம்பை நீட்டினார். நான் நிற்கச் சொல்லி மன்றாடிய அதே மழை அதை நிரப்பிக் கொடுத்தது.

பக்திப் பாசுரங்களில் ஊறியவன் நான். ஜெபிக்க வாய் திறந்தால் எதுகையும் மோனையும் தாமாக வரும். அன்று ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இவள் உம்முடைய பிள்ளை." அவ்வளவுதான் சொன்னேன். கிருபை என்று பெயரிட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே மும்முறை வார்த்தேன். மூன்றாம் முறை, குழந்தை வீறிட்டது.

"கத்துடி என் ராசாத்தி, ஐயருக்கே கேக்கட்டும்!" என்று ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் அளத்து முதலாளியின் டிராக்டர் எங்களைத் தேடி வந்தது. தாயும் சேயும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார்கள்.

வெள்ளம் வடிந்து, எஸ்தர் குழந்தையோடு திரும்பிய பின் ஐயர் வந்தார். வெள்ளிக் கிண்ணத்தைப் பீடத்தில் வைத்து, முறைப்படி கேட்டார்: கொடுத்தது யார்? எதனால்? எந்த நாமத்தில்? நான் எழுந்து நின்றேன். எஸ்தர் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். வாசலில் ஆரோக்கியத்தின் மீன்கூடை இறங்கும் சத்தம் கேட்டது.

"நான்தான் ஐயரே புள்ளைய ஏந்தியிருந்தேன். இந்தப் பெரியவருதான் ஊத்தினாரு. மழைத் தண்ணி. மூணு தபா. மூணு நாமத்தையும் சொல்லித்தான் ஊத்தினாரு. போதுமா?"

சபை சிரித்தது. ஐயரும் சிரித்தார். "போதும்மா. சபையாரே, இது மெய்யான ஞானஸ்நானம்" என்று சொல்லி, கிண்ணத்தைத் துணியால் மூடினார். அதில் அன்று ஒரு துளி நீரும் வார்க்கவில்லை.

இன்று நமக்குக் கான்கிரீட் ஆலயம் உண்டு, மைக் உண்டு. கிருபை பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறாள். என் ஜெபங்களோ சுருங்கிவிட்டன. அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஜெபிக்க வார்த்தை வராத வேளை வரலாம். கலங்காதீர்கள். வேண்டாமென்று நீங்கள் அழுத மழையிலிருந்தும் அவர் தருவார். சொம்பை நீட்டுங்கள்.